எல்லாருக்கும் எக்ஸ்எல்

பாக்கியம் அக்கா அந்த ரீசேட் சட்டையை மகளின் முதுகில் வைத்துப் பார்த்தார். தோள் இரண்டையும் பிடித்து இழுத்தார். பிறகு ஒரு எட்டுப் பின்னால் போய்த் தலையைச் சரித்துப் பார்த்தார். முகம் சரியில்லை.

"இது தோய்ச்சாச் சுருங்கும்" என்றார்.

"சுருங்காதுக்கா, நல்ல துணி" என்றான் அன்ரன்.

"சுருங்காத துணி எண்டு ஒண்டு இருந்தா எனக்குக் காட்டும் தம்பி. இதைவிடப் பெரிசு இல்லையோ?"

"இருக்கு. லார்ஜ் இருக்கு, எக்ஸ்எல் இருக்கு. ஆனா தங்கச்சிக்கு மீடியமே தாராளம்."

"தாராளமோ இல்லையோ எண்டு நீர் சொல்லப்படாது. அதை நான் சொல்லவேணும்."

மகள் சுகந்தி எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

இது நடந்தது கொழும்பு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நானும் என் கணவரும் வைத்திருந்த சாப்பாட்டுக் கடையின் குசினியில். இடியப்ப ஆவியில் சுவரெல்லாம் வியர்த்திருக்கும். றெயில் போனால் தட்டுகள் கிலுகிலுக்கும். அன்ரன் கொண்டுவந்த மாதிரிச் சட்டைகளை வைக்க வேறு இடமில்லாமல், மா அரிக்கும் மேசையில் பேப்பர் விரித்துப் பரப்பியிருந்தோம்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் கடை திறந்த கதையை எழுதியதற்கு, "நீங்கள் பட்ட கஷ்டங்களை வாசித்துக் கண் கலங்கினேன்" என்று ஒரு வாசகர் சொல்லியனுப்பியிருந்தார். அவருக்கு என் நன்றி. அடுப்புப் புகையால் நாங்கள் கலங்கிய அளவு அவர் கலங்கியிருக்க மாட்டார். இந்த வாரம் புகை இல்லை, உடுப்பு மட்டும்தான்.

யாரும் உரிமை கோராத நிறம்

அந்த ஆண்டு எங்கள் கடைக்கு ஓர் உணவுச் சந்தையில் ஸ்டோல் போட இடம் கிடைத்தது. கடற்காற்று வீசும் பெரிய திடல், மூன்று பின்னேரங்கள், திறந்துவைக்க ஓர் அமைச்சர். யுத்தம் வடக்கில் உச்சத்தில் நின்றது. கொழும்பில் நல்லிணக்கத்தை அப்பமும் வடையுமாகப் பரிமாறலாம் என்று யாரோ நினைத்திருந்தார்கள். தமிழ்ச் சாப்பாட்டுக்கு எங்கள் கடை. நிபந்தனை ஒன்று இருந்தது. ஸ்டோலில் நிற்பவர்கள் எல்லாரும் கடைப் பெயர் அச்சடித்த ஒரே மாதிரிச் சட்டை போட வேண்டும்.

கல்யாணத்துக்குக் கூறைச் சேலை எடுத்தபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

அன்ரன் கொட்டாஞ்சேனையில் வீட்டின் பின்னறையில் அச்சடிப்பவன். நான் பிறந்து வளர்ந்த தெருவில் எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளை. கோவில் திருநாள் சட்டை, கிரிக்கெட் குழுச் சட்டை என்று வருடம் முழுக்க வேலை. நிறங்கள் ஒட்டிய அட்டை ஒன்றை எங்கள் வீட்டுக்காரரிடம் நீட்டினான்.

"மஞ்சள் போட்டா எடுப்பா இருக்கும் சேர். தூரத்திலயே தெரியும்."

எங்கள் வீட்டுக்காரர் பதில் சொல்வதற்கு முன் யன்னலால் தெருவை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நீர் கொட்டாஞ்சேனையிலதானே இருக்கிறீர்? வேற நாட்டில இல்லையே?"

அதோடு, புலிக்கொடியில் இருக்கும் மஞ்சள் போயிற்று. அதே கொடியில் மஞ்சளுக்குப் பக்கத்தில் இருந்த குற்றத்துக்காகச் சிவப்பும் போயிற்று. பச்சை ஒரு கட்சியுடையது, நீலம் இன்னொரு கட்சியுடையது. தேர்தல் வேறு கிட்டத்தில் நின்றது. காவி பிக்குமாருக்கு. மண்ணிறமும் கரும்பச்சையும் இராணுவத்துக்கு. அதைப் போட்டால் வடை விற்கப் போகிறோம் என்று நம்ப ஆளில்லை. கறுப்பு என்று அன்ரன் வாய் திறந்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றோம். கரும்புலி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

"அப்ப வெள்ளை" என்றான், களைத்துப்போய்.

"கறிச்சட்டிக்குப் பக்கத்தில வெள்ளையோ? தோய்க்கிறது நானப்பா" என்றேன். அரசியல் இல்லாமல் தள்ளப்பட்ட ஒரே நிறம் அதுதான்.

அட்டையின் கடைசி மூலையில் இளம் கத்தரிப்பூ நிறம் ஒன்று இருந்தது. எந்தக் கட்சியும், எந்தப் படையும், எந்தச் சமயமும் அதற்கு உரிமை கோரவில்லை. அழகு என்று சொல்வதற்கும் ஒன்றுமில்லை. அதையே எடுத்தோம்.

ஒரு சாரத்தின் மகிமை

எங்கள் வீட்டுக்காரர் உடுப்பு விஷயத்தில் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். கதை இருக்கிறது.

எண்பத்துமூன்றில், தமிழர்மேல் நடந்த அந்த ஆடிக் கலவரத்தின்போது நாங்கள் இதே வெள்ளவத்தையில் வேறொரு ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். இவர் கப்பல் கம்பனி ஒன்றில் கிளாக்கர். கும்பல் வருகிறது என்றதும் அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணி என்னையும் பிள்ளையையும் தன் குளியலறையில் பூட்டினார். இவரை ஒளிக்க இடமில்லை. தன் கணவருடைய லுங்கிச் சாரம் ஒன்றைக் கட்டவைத்து, மேலே ஒன்றுமில்லாமல், ஒழுங்கையில் இறங்கும் தன் வீட்டு வாசற்படியில் உட்காரவைத்தார். கையில் சிங்களப் பேப்பர் ஒன்றையும் கொடுத்தார். இவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாராம். நல்லகாலம், வந்தவர்களும் வாசிக்க வரவில்லை.

எங்கள் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், வழியில் இருந்த இவரைக் கொஞ்சம் விலகச் சொன்னார்கள். இவரும் எழும்பி விலகி, வழிவிட்டார்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆள் கால், ஆடை முக்கால். தெருவில் இறங்க முன் இவர் எங்கள் எல்லாரையும் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்ப்பார். என் பொட்டின் அளவுகூட அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்த அலுமாரி நினைவுக்கு வந்தால் வாயை மூடிக்கொள்வேன்.

கடைக்கு "ரஞ்சனி" என்று பெயர் வைத்ததும் இப்படித்தான். ரஞ்சனி எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. சிங்களவரும் வைக்கும் பெயர், தமிழரும் வைக்கும் பெயர். அவ்வளவுதான் தகுதி.

சட்டையின் முதுகில் அந்தப் பெயரை எந்த மொழியில் போடுவது என்ற கேள்வி வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை. மேலே சிங்களம், கீழே இங்கிலிஷ்.

"தமிழும் போடலாம் சேர். மூணுக்கும் ஒரே காசுதான்" என்றான் அன்ரன்.

"காசு கூடக் குடுக்கிறன், தமிழைப் போடாதையும்."

கொழும்புக்கு ஏன் வந்தாய்?

இனிப் பாக்கியம் அக்காவின் கதைக்கு வருகிறேன். அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். கணவர் இல்லை. சுகந்தியைக் கூட்டிக்கொண்டு, யுத்தத்தால் தரைப்பாதை மூடியிருந்ததால் கப்பலில் ஏறி, கொழும்புக்கு வந்து, எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த லொட்ஜில் ஓர் அறை எடுத்து இருந்தார். காலையில் எங்கள் கடையில் இடியப்பம் பிழிவார். சுகந்திக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. விசாவுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காலத்து வெள்ளவத்தையில் பாதிப்பேர் செய்த வேலை இந்தக் காத்திருப்புத்தான்.

ஆனால் பொலிஸ் அதை வேலையாக ஏற்றுக்கொள்வதில்லை. லொட்ஜைச் சோதிக்க வருகிறவர்கள் அடையாள அட்டையைப் பார்த்து, பிறந்த இடத்தைப் பார்த்து, ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கொழும்புக்கு ஏன் வந்தாய்? "காத்திருக்கிறேன்" என்றால், எதற்காகக் காத்திருக்கிறாய் என்று ஸ்டேஷனில் வைத்துக் கேட்பார்கள். ஒருநாள் உள்ளே போனாலும் பெயர் பதிவாகிவிடும். பிறகு விசாவுக்குத் தேவையான பொலிஸ் ரிப்போட் கிடைக்காது. மாப்பிள்ளை வீடும் சும்மா இராது. பொலிசில் ஒருநாள் இருந்த பிள்ளை என்றால் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் பொலிசின் கேள்விகளைவிட மோசமானவை.

"தங்கச்சி, இவளையும் உங்கட சந்தைக்குச் சேருங்கோ" என்று பாக்கியம் அக்கா என்னைக் கேட்டார். "கடைப் பேர் போட்ட சட்டை ஒண்டு இவளின்ர உடம்பில கிடந்தா, ஏன் வந்தனி எண்டு கேக்கிறவனுக்குக் காட்ட ஒரு காரணம் இருக்கும். சிங்களத்தில வேற எழுதிக் கிடக்கும்."

அதனால்தான் அந்தச் சட்டை எங்களுக்கு வெறும் சட்டை இல்லை. நிறத்தையும் எழுத்தையும் அவ்வளவு யோசித்ததற்கும் அதுதான் காரணம்.

அளவை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. நிறத்துக்கு ஒரு கிழமை எடுத்த நாங்கள், அளவை ஒரு தேத்தண்ணி ஆற முன் முடித்துவிட்டோம். எங்கள் பெண்களில் ஒருத்தியும் அதற்கு முன் ரீசேட் போட்டதில்லை. மலைநாட்டிலிருந்து வந்து எங்களுடன் வேலை செய்த மூன்று பெண்களும் பாக்கியம் அக்கா சொன்னதைத்தான் சொன்னார்கள்: பெரிதாக இருக்கட்டும், உடம்பு தெரியக் கூடாது. பாவாடைக்கு மேலே தொடை வரைக்கும் தொங்கினால் நல்லது. எனக்கும் அது ஒழுக்கமாகத்தான் பட்டது.

"அப்ப எல்லாருக்கும் எக்ஸ்எல்" என்று அன்ரன் எழுதிக்கொண்டான். ஒரே அளவென்றால் அவனுக்கும் வேலை லேசு.

துணி மறைப்புக்கு வெளியே

முதல் நாள் பின்னேரம் இடியப்பப் பெட்டிகளோடும் வடை பொரிக்கும் தாச்சிகளோடும் திடலுக்குப் போய் இறங்கினோம். கடற்காற்று நன்றாக வீசியது. பெண்கள் ஆறு பேரும் வரிசையாக நடந்தோம். காற்று அந்தச் சட்டைகளுக்குள் புகுந்து ஆறு கத்தரிப்பூக் கூடாரங்களை எழுப்பியது.

வாசலில் நின்ற சிப்பாய் எங்களைப் பார்த்தான். பிறகு துவக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஆண்டுகளில் தொளதொளத்த உடுப்போடு வரும் இளம் தமிழ்ப் பெண்ணைக் கண்டால் காவலில் நிற்பவர்களுக்கு ஒரே எண்ணம்தான் வரும். உள்ளே குண்டு கட்டியிருக்கிறாளோ? எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் அந்த எச்சரிக்கைதான். நிறத்தைக் கவனித்தோம், எழுத்தைக் கவனித்தோம். கடைசியில் தேடித் தேடி, ஆளுக்கு இரண்டு பேர் ஒளிக்கக்கூடிய உடுப்பை எடுத்து, அமைச்சர் வரும் வாசலுக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

எங்களை ஓரமாக நிற்பாட்டினார்கள். பெண்களைச் சோதிக்கத் துணியால் மறைத்த இடம் ஒன்று இருந்தது. ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டாள் ஒரு பொலிஸ்காரி. ஒன்றும் அகப்படவில்லை, அகப்பட என்ன இருக்கிறது? ஆனால் சுகந்தியின் அடையாள அட்டையை அவள் வெளியே கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்டினாள். பிறந்த இடம் யாழ்ப்பாண மாவட்டம்.

அமைச்சர் வந்து போகும்வரை இவளை இங்கே வைத்திருங்கள், பிறகு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் வாக்குமூலம் எடுத்துவிட்டு அனுப்பலாம் என்றார் இன்ஸ்பெக்டர். கெட்ட குரலில் சொல்லவில்லை. மீனை ஐஸில் வை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

பாக்கியம் அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. "ஸ்டேஷன்" மட்டும் விளங்கியது. என் கையைப் பிடித்தார்.

"என்னவாம், தங்கச்சி?"

எங்கள் வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டரிடம் போய், தன் சட்டையின் முதுகைத் திருப்பிச் சிங்கள எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பாவம், அதில் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பொலிஸ்காரி மட்டும் சுகந்தியின் சட்டையை விலாப்பக்கத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒரு முழத் துணி அவள் கையோடு வந்தது. "அய் மெச்சர லொக்கு?" ஏன் இவ்வளவு பெரிது என்று என்னைக் கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு நேரமில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன். இது தாயின் வேலை. பிள்ளைக்குக் கல்யாணம் பேசியாயிற்று. இடுப்புத் தெரிந்தால் ஊர் கதைக்கும் என்று அந்தத் தாய் பயப்படுகிறார்.

அவள் சிரிக்கவில்லை. பாக்கியம் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியானால் அந்தத் தாயையே கட்டிவிடச் சொல்" என்றாள். "உள்ளே ஒன்றுமில்லை என்று தூரத்தில் நிற்கிற சிப்பாய்க்கும் தெரியவேணும். அப்படித் தெரிந்தால் நான் இன்ஸ்பெக்டர் சேரிடம் சொல்கிறேன்."

நான் தமிழில் சொன்னேன்.

பாக்கியம் அக்கா அசையாமல் நின்றார். சுற்றிவரச் சிப்பாய்கள், ஸ்டோல்காரர், வாசலில் சனம். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பிறகு மகளிடம் போனார். சட்டையின் தொங்கலை இரண்டு கையாலும் அள்ளி, பின்னால் இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டார்.

"தவ டிக்கக்" என்றாள் பொலிஸ்காரி.

"இன்னும் கொஞ்சமாம்" என்றேன்.

முடிச்சை அவிழ்த்து இன்னும் இறுக்கிப் போட்டார். சுகந்தியின் மெல்லிய இடுப்பு எல்லாருக்கும் தெரிந்தது. பொலிஸ்காரி விரலால் சுற்றிக் காட்டினாள். சுகந்தி ஒருமுறை முழுதாகச் சுற்றி நின்றாள். தூரத்துச் சிப்பாய் துவக்கைத் தாழ்த்தினான். பாக்கியம் அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டை திரும்பி வந்தது. மற்ற ஐந்து பேரும் ஒருவர் சொல்லாமலே எங்கள் சட்டைகளையும் முடிந்துகொண்டோம்.

முடிச்சுப் பாஷன்

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சந்தையின் பொறுப்பாளராக இருந்த சிங்களச் சீமாட்டி ஒருவர், நாங்கள் நோனா என்போம், ஸ்டோல் ஸ்டோலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் முடிச்சுகளைப் பார்த்து, "ஆ, வெரி ஸ்மார்ட்!" என்றார். அடுத்த நாள் பக்கத்து ஸ்டோல் பெட்டைகளும் தங்கள் சட்டைகளை முடிந்துகொண்டு வந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று தெரியும். பூதத்துக்குப் பவுடர் பூசி ஊர் அழகு பார்த்ததை அங்கேதான் கண்டேன்.

நோனாவுக்கு ஒரு குறைதான். கொத்து றொட்டி ஸ்டோலிலும் வட்டிலப்ப ஸ்டோலிலும் கிரிபத் ஸ்டோலிலும் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. நல்லிணக்கச் சந்தை அல்லவா? இங்கே மட்டும் தமிழைக் காணவில்லையே?

"மெடம்," என்றார் எங்கள் வீட்டுக்காரர், மிகுந்த பணிவோடு, "தமிழ் நாங்கள்தான்."

அந்த இன்ஸ்பெக்டரும் வந்தார். வடை மூன்று தின்றார். சம்பல் உறைப்பு என்றார். சுகந்திதான் பரிமாறினாள். அவருக்கு அவளை நினைவில்லை.

மூன்று பின்னேரமும் பாக்கியம் அக்கா தாச்சியை விட்டு வந்து வந்து மகளின் பின்னால் நின்றார். யாரும் பார்க்காதபடி மறைக்கிறாராம். முடிச்சை அவிழ்க்கவும் விடவில்லை. தெரியவும் வேண்டும், தெரியவும் கூடாது. ஒரு தாய்க்கு இதைவிடக் கஷ்டமான வேலை கொடுக்க முடியாது. பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கணுக்கால் வரைக்கும்

பொலிஸ் ரிப்போட் கிடைத்தது. சில மாதங்களில் விசாவும் வந்தது. விமான நிலையத்துக்குப் போகும் பாதையில் சோதனைச் சாவடிகள் வரிசையாக இருக்கும் என்பதால், பயணத்துக்கென்று எடுத்த பஞ்சாபிச் சுடிதாரைப் பாக்கியம் அக்கா தானே ஊசியும் நூலும் எடுத்து இடுப்பில் பிடித்துத் தைத்தார். தைத்து முடித்து, தள்ளி நின்று பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுகந்தி போய்ச் சேர்ந்து அங்கே பனிக்காலம் தொடங்கியதும் ஒரு படம் வந்தது. சுற்றிவர வெள்ளை. நடுவில் சுகந்தி, பஞ்சு அடைத்த பெரிய குளிர்க்கோட்டோடு. கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் கோட்டுத்தான். அதற்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடவேண்டும்.

பாக்கியம் அக்கா அந்தப் படத்தைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் காட்டினார். "பாருங்கோ, எவ்வளவு வடிவா மூடிக்கொண்டு நிக்கிறாள்!"

அந்த ஞாயிறு காலி வீதியிலிருந்த கொமினிகேசன் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மறுமுனையில் சுகந்தியின் குரல் எனக்கும் கேட்டது. சுகம் விசாரித்தார், மருமகனை விசாரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"உந்தக் கோட்டோடதான் வெளியில போறனியோ?"

"ஓமம்மா. பஸ்ஸில, றெயினில, எல்லாத்துக்கும் இதோடதான்."

"ஒருத்தரும் மறிக்கிறேல்லையோ?"

"என்னத்துக்கு மறிக்க?"

பாக்கியம் அக்கா றிசீவரை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய் நின்றார்.

திரும்பி வரும்போது எங்கள் ஒழுங்கை முனையில் காவல் போட்டிருந்தார்கள். கேட்க முன்பே அவர் கைப்பையைத் திறந்து பிடித்தார். சிப்பாய் உள்ளே பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். கொஞ்சத் தூரம் நடந்தோம்.

"அவ்வளவு பெரிய கோட்டுக்குள்ள என்ன கிடக்கெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லையாம், தங்கச்சி" என்றார்.